கேஸ் மானியம் போச்சு, ஓனர் மாடிக்கு சோலார் மானியம் வந்துச்சு. ரெண்டும் ஒரே காசா?

செல்லூர்மாடி எழுதியது:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்க ஒரு கேள்வி. கட்சி சண்டை வேணாம், தெரிஞ்சவங்க வெவரமா சொல்லுங்க.

நாங்க மதுரையில ஒரு வீட்டு மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்கோம், கீழ ஓனர் குடும்பம். மொத்த வீட்டுக்கும் ஒரே இபி சர்வீஸ்தான், ஓனர் பேர்ல. எங்களுக்கு சப்-மீட்டர் வச்சு யூனிட்டுக்கு எட்டு ரூபா வாங்குறாரு. போன வருஷம் மொட்டைமாடியில மூணு கிலோவாட் சோலார் போட்டாரு, மத்திய அரசோட அந்த சூர்ய கர் திட்டத்துல 78,000 ரூபா மானியம் அவர் அக்கவுண்டுக்கே வந்துருச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு மாசத்துக்கு 800 யூனிட் ஓடும், 4,800 ரூபாய்க்கு மேல கட்டுவாரு, இப்ப பில்லு வந்தா எங்கிட்ட காட்டி சிரிக்கிறாரு, அவ்வளவு கம்மி. நல்ல மனுஷன்தான், கொற சொல்லல. ஆனா என் சப்-மீட்டர் இன்னும் அதே எட்டு ரூபா. பேனல்ல நிழல் விழுதுன்னு துணி காயப்போடற கொடியையும் கழட்டிட்டாங்க, இந்த வருஷம் வத்தல் போட இடமில்லாம பக்கத்து வீட்டு மாடியில கெஞ்சி போட்டேன்.

இன்னொரு பக்கம் கேஸ். எங்களது சாதா கனெக்ஷன், ஏழைங்களுக்கு குடுக்கற உஜ்வாலா இல்ல. முன்னாடி சிலிண்டர் வாங்குனா பாங்க்ல பணம் விழும், நானூறு ரூபா வரைக்கும் வந்த மாசம் உண்டு. கொரோனா சமயத்துல அது அப்படியே நின்னுச்சு, கொஞ்ச நாள் இருபத்தி சொச்சம் ரூபா பேருக்கு விழுந்துச்சு, பாஸ்புக்ல பாத்தா சிரிப்பா வரும். இப்ப தூக்கிட்டு வர்ற தம்பிக்கு குடுக்கறதையும் சேத்தா தொள்ளாயிரத்துக்கு மேல.

டிவியில ஒருத்தர் பேசுனாரு, பெட்ரோல் டீசல் கேஸுக்கு கொட்டுற மானியத்தை நிறுத்தி சூரிய சக்திக்கும் காத்தாலைக்கும் திருப்பி விடணும்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு பாத்தா என் அடுப்புல இருந்து எடுத்து ஓனர் மொட்டைமாடியில வச்ச மாதிரி இருக்கே? நெசமாவே கேஸ்ல மிச்சம் புடிச்ச காசுதான் சோலாருக்கு போகுதா? சொந்தமா மாடி இல்லாதவங்க என்னதான் பண்றது?


கணக்கப்பிள்ளை எழுதியது:

அக்கா, அடுப்புல இருந்து எடுத்தாங்கறது சரி. மாடியில வச்சாங்கங்கறதுதான் முழுசா சரியில்ல, நடுவுல காசு வேற எடத்துக்கு போயிருச்சு. கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

2012-13-ல மட்டும் டீசல், கேஸ், மண்ணெண்ணெய் மூணையும் அடக்க விலைக்கு கீழ வித்ததால எண்ணெய் கம்பெனிகளுக்கு வந்த பள்ளம் 1.61 லட்சம் கோடி. பெட்ரோலை 2010 ஜூன்லயே மார்க்கெட் விலைக்கு விட்டுட்டாங்க. டீசலை 2013 ஜனவரியில இருந்து மாசம் அம்பது பைசாங்கற கணக்குல, ஊசி குத்தற மாதிரி வலிக்காம ஏத்திக்கிட்டே வந்தாங்க. 2014 அக்டோபர்ல அதையும் அவுத்து விட்டாங்க. அந்த நேரம் பாத்து உலக சந்தையில கச்சா எண்ணெய் நூறு டாலருக்கு மேல இருந்தது சடார்னு இறங்கி, 2015 ஜனவரியில அம்பதுக்கும் கீழ வந்துச்சு. அதனால மானியம் போனதே யாருக்கும் தெரியல. விலை இறங்குன லாபமாச்சும் நமக்கு வந்துச்சான்னா, அதுக்குள்ள கலால் வரியை ஏத்திட்டாங்க. 2014-ல பெட்ரோலுக்கு லிட்டருக்கு 9.48 ரூபாயா இருந்த வரி 2020-ல 32.98 ஆச்சு, டீசலுக்கு 3.56-ல இருந்து 31.83. அப்புறம் கொஞ்சம் கொறைச்சாங்க, அது வேற. உங்க கேஸ் மானியம் நின்னதும் இதே மாதிரி 2020-ல விலை விழுந்த நேரத்துலதான். விலை திரும்ப ஏறுனப்ப மானியம் மட்டும் திரும்பி வரல, உஜ்வாலாகாரங்களுக்கு மட்டும் 2022-ல 200 ரூபா, 2023 அக்டோபர்ல இருந்து 300 ரூபான்னு குடுத்தாங்க.

ஆக மிச்சமான காசும் வரியா வந்த காசும் பொது உண்டியல்ல விழுந்துச்சு. அதுல எந்த நோட்டு ரோட்டுக்கு போச்சு, எந்த நோட்டு சோலாருக்கு போச்சுன்னு எவனாலயும் சொல்ல முடியாது. சூர்ய கர் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில ஒதுக்குனது 75,021 கோடி, அதுவும் பல வருஷத்துக்கு சேத்து, ஒரு கோடி வீட்டுக்கு. மேல சொன்ன ஒரே வருஷ பள்ளத்துல பாதி கூட இல்ல, பாத்துக்கோங்க.

நெசமாவே "இங்க புடுங்கி அங்க நடறோம்"னு சட்டம் போட்டு பண்ணுன காரியம் ஒண்ணு உண்டு, நிலக்கரி செஸ், அதாவது ஒரு காரியத்துக்குன்னு போடற தனி வரி. 2010 பட்ஜெட்ல பிரணாப் முகர்ஜி கொண்டு வந்தாரு, டன்னுக்கு 50 ரூபா, அது அப்படியே தேசிய தூய எரிசக்தி நிதிக்கு போகணும்னு. அப்புறம் 100, 200, 2016-ல 400. அருமையான யோசனை, வெளிநாட்டுக்காரனே மெச்சுனான். என்ன ஆச்சு தெரியுமா? 2017-18 வரைக்கும் வசூலானது 86 ஆயிரம் கோடி சொச்சம், அதுல அந்த நிதிக்கு போய் சேந்தது 30 ஆயிரம் கோடிக்கும் கொஞ்சம் கம்மி, அதுலயும் செலவழிச்சது 16 ஆயிரம் கோடி. மீதி? ஜிஎஸ்டி வந்தப்ப மாநிலங்களுக்கு நஷ்டஈடு குடுக்கன்னு அந்த செஸ்ஸையே அங்க திருப்பிட்டாங்க. உண்டியல்ல "கோயில் திருப்பணி"ன்னு எழுதி வச்சு காசை எடுத்து கல்யாண மண்டபம் கட்டுன கதை. 2025 செப்டம்பர்ல அந்த 400 ரூபாயையும் எடுத்துட்டு, நிலக்கரி மேல ஜிஎஸ்டியை 5-ல இருந்து 18 சதவீதம் ஆக்கிட்டாங்க, சோலார் பேனலுக்கு 12-ல இருந்து 5 ஆக்குனாங்க. உங்க ஓனர் கொஞ்சம் பொறுத்திருந்தா இன்னும் மிச்சம் பண்ணியிருப்பாரு.


பைபாஸ்பல்சர் எழுதியது:

பெட்ரோலுக்கு மானியமாம்ல மானியம். நான் போடற நூறு ரூபாயில எனக்கு எண்ணெய் எவ்வளவு, வரி எவ்வளவுன்னு பாருங்கப்பா. மானியமே நாமதான் கவர்மெண்டுக்கு குடுக்கறோம் 😂


கணக்கப்பிள்ளை எழுதியது:

தம்பி சொல்றது சரிதான், சில்லறை பெட்ரோல்ல இப்ப மானியம்னு ஒண்ணும் கிடையாது. இதுல இன்னொரு கூத்து சொல்றேன். நம்ம பாசஞ்சர் ரயில் டிக்கெட் விலை ஏன் இவ்வளவு கம்மின்னு யோசிச்சிருக்கியா? ரயில்வேக்கு சரக்குல வர்ற வருமானத்துல பெரிய பங்கு நிலக்கரி. அதுக்கு கூலியை அதிகமா வாங்கித்தான் நம்ம டிக்கெட் நஷ்டத்தை ஈடு கட்டுறாங்க. அதாவது நிலக்கரி ஓடாட்டி மதுரை-ராமேஸ்வரம் டிக்கெட் ஏறும். மானியத்தை திருப்பி விடுன்னு டிவியில சொல்றவங்க இந்த முடிச்சையெல்லாம் எங்க அவுக்கப் போறாங்க?


ஆரல்காத்து எழுதியது:

செல்லூர் அக்கா கேட்ட கேள்விய நாங்க இருவது வருசத்துக்கு முன்னமே கேட்டாச்சு. எனக்கு ஊரு ஆரல்வாய்மொழி பக்கம். முப்பந்தல்ல நிக்கிற காத்தாடி பூரா பாத்தியளா, பஸ்ஸுல போறவன் போட்டோ புடிப்பான். அதுல பாதிக்கு மேல காத்துக்காக நட்டதுன்னு நெனைக்காதிய, வருமான வரிக்காக நட்டது.

காத்தாடி வாங்குனா அதோட வெலையில 80 சதவீதத்த மொத வருசமே தேய்மானம்னு கணக்குல கழிச்சுக்கலாம், அவ்வளவுக்கு வரி கட்டாண்டாம். மில்லு வச்சிருக்கவன், லாபம் கொட்டுறவன்லாம் மார்ச் மாசம் முடியிறதுக்குள்ள ஓடி வந்து நட்டான். மெஷினு கரண்டு எடுக்குதா, கியர்பாக்ஸ் ஒடஞ்சி கெடக்கான்னு அப்புறம் எவன் பாக்கான்? மானியம் நட்டதுக்கு, சுத்துனதுக்கு இல்ல. 2009 கடசியில ஒரு யூனிட்டுக்கு அம்பது பைசான்னு உற்பத்திக்கு ஊக்கத்தொகை கொண்டாந்தானுவ, அதுதான் உருப்படியான வேல, சுத்துனாதான காசு. 2012-ல அந்த ரெண்டயும் நிப்பாட்டுனப்ப நாடு பூரா புதுசா நடுறது ஒரே வருசத்துல பாதியா போச்சு. 2014-ல தேய்மானத்த திருப்பி குடுத்தானுவ, பெறவு 2017-ல 40 சதவீதமா கொறச்சானுவ.

நான் ஏன் சொல்லுதேன்னா, வரிச்சலுகைன்னு குடுத்தா வரி கட்டுறவனுக்குத்தான் கெடைக்கும், மாடி மேல குடுத்தா மாடி இருக்கவனுக்குத்தான் கெடைக்கும். எங்கப்பா மானாவாரியா எள்ளு போட்டுட்டு இருந்த புஞ்சைய வந்த வெலைக்கு குடுத்துட்டு, அந்த காத்தாடி கீழயே வாட்ச்மேன் வேல பாத்தாரு. ஆனி ஆடி காத்துல அது சுத்துற சத்தத்துலதான் நாங்க ஒறங்குனோம். வீட்டுல கரண்டு கெடையாதுன்னு சொல்லல, மத்தவனுக்கு என்ன ரேட்டோ அதே ரேட்டு.

தமிழ்நாட்டுல காத்தாலை மட்டும் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல நிக்கி. அத நான் கொறச்சு பேசல. அந்த வரிச்சலுகை இல்லாட்டி இம்புட்டு வந்திருக்காது, அதையும் ஒத்துக்கிடுதேன்.


நொய்யல்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. இலவச மின்சாரம் பத்தி யாராவது எடுப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், எடுக்கலை, நானே எடுத்துக்கறேன். நம்ம ஊர்ல கரண்டுல பெரும் பங்கு இன்னும் நிலக்கரிதானுங்களே, அப்பறம் விவசாயத்துக்கு இலவசமா வர்ற கரண்டும் ஒரு வகையில அந்த மானியந்தான்.

ஆனா அதை நிறுத்தி சோலாருக்கு மாத்துங்கன்னு ஈஸியா எழுதிட்டு போறவங்களுக்கு ஒண்ணு சொல்றனுங்க. 1970-ல யூனிட்டுக்கு ஒத்த பைசா ஏத்துனதுக்கு நடந்த போராட்டத்துல பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூடு நடந்து உசிரு போயிருக்குதுங்க. ரெண்டு வருசம் கழிச்சு விவசாயிங்க தலைவர் நாராயணசாமி நாயுடு ஐயா கூப்பிட்டதுக்கு கோயமுத்தூரையே கட்டை வண்டியால அடைச்சாங்க, அந்த வண்டியில ஒண்ணு எங்க தாத்தாவோடது. அப்பறம் 84-ல சிறு விவசாயிக்கு, 90 வாக்குல எல்லாத்துக்கும் இலவசம்னு ஆச்சு. அதனால மீட்டர் வெக்கறோம்னு ஆள் வந்தாலே எங்கூர்ல இன்னைக்கும் கேட்டை சாத்துவாங்க, மீட்டர் வந்தா பின்னாடியே பில்லு வரும்னு.

நான் சோலார் பம்பு போட்டிருக்கறனுங்க, வேளாண் பொறியியல் துறை மூலமா, 60 சதவீதம் மானியம். இலவச சர்வீஸுக்கு எழுதி குடுத்துட்டு வருசக்கணக்கா காத்து கெடந்து, ஆகறதில்லைன்னு இதுக்கு போனேன். நல்லதை மொதல்ல சொல்லிர்றேன். த்ரீ-பேஸ் கரண்டு ராத்திரி பதினோரு மணிக்கு வந்தாலும் டார்ச்சை எடுத்துக்கிட்டு வரப்புல போகோணும், எங்க பெரியப்பா மகன் ஒருத்தரை அப்படி போறப்ப கட்டு விரியன் கடிச்சிருச்சு, பொழைச்சுக்கிட்டாரு. இப்ப காலைல வெயில் ஏறுனா தண்ணி வருது, சாயங்காலம் வீட்டுக்கு வந்தர்றேன். பொண்டாட்டி நிம்மதியா தூங்கறா, இதுக்கு எத்தனை ரூபா போடுவீங்க?

கெட்டதும் சொல்லோணுமல்லங்க. செலவில்லாத கரண்டு, வெயில் இருக்கற வரைக்கும் நிறுத்த மனசு வர்றதில்லை. பக்கத்து தோட்டத்துக்காரரும் போட்டாரு. எங்க பக்கம் ஆயிரம் அடிக்கு மேல போர் போட்டும் காத்துதான் வருது. இலவச கரண்டுல தண்ணி போச்சுன்னு எங்களை திட்டுன அதே படிச்சவங்கதான் இப்ப சோலார் பம்பு குடுக்கறாங்க, அதுலயும் தண்ணி போகுமேன்னு யாரும் கேக்கலை. சொட்டு நீரோட சேத்து குடுத்தா ஒரு அளவு நிக்கும். இல்லாட்டி பம்பை கிரிட்டோட, அதாவது இபி லைனோட இணைச்சு, தண்ணி எறைக்காத நேரம் அந்த கரண்டை இபிக்கு விக்கற மாதிரி செஞ்சா, நானே மோட்டாரை ஆப் பண்ணிட்டு காசு பாப்பனுங்க. சோலார் பம்புக்கான மத்திய அரசு குசும் திட்டத்துல அப்படி ஒரு பிரிவு எழுதி வெச்சிருக்காங்க. எங்க ஊருக்கு இன்னும் வரலை.


பருத்தித்துறைபெடியன் எழுதியது:

வணக்கம் அக்கா, அண்ணாமார். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். மானியத்தை ஒரேயடியா எடுத்தா என்ன நடக்கும் எண்டு தெரியோணுமெண்டா எங்களிட்டத்தான் கேக்கோணும்.

அப்பா, சித்தப்பா எல்லாம் கடற்தொழில். எங்கட சின்னப் போட்டுகளின்ர எஞ்சின் மண்ணெண்ணெயிலதான் ஓடுறது. 2022-ல முதல்ல மாசக்கணக்கா எண்ணெயே இல்லை, கானோட லைனில நிண்டு நிண்டு செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம். பிறகு ஆவணி மாசம் எண்ணெய் வந்துது, லீற்றர் 87 ரூபா இருந்தது ஒரேயடியா 340 ரூபா. ஒருக்கா கடலுக்குப் போய் வர எங்களுக்கு 25 லீற்றர் வேணும். முந்தி ரெண்டாயிரம் சொச்சத்தோட முடியிறது, அதுக்குப் பிறகு 8,500. வலையில ஒண்டும் படாட்டிலும் 8,500. அப்பா கணக்குப் பாத்துப்போட்டு போட்டை மணலில இழுத்து விட்டிட்டார், அந்த வருசம் கார்த்திகை வரைக்கும் அது அப்பிடியே கவிண்டு கிடந்தது, நாயள் குட்டி போட்டு வளத்ததுகள் அதுக்குக் கீழ.

கரண்டும் அதே மாசம் சராசரி 75 வீதம் கூட்டினவை. சராசரி எண்டுதான் சொல்லுவினம், மாசம் 30 யூனிட்டுக்குக் குறைவா பாவிக்கிற சனத்துக்குத்தான் கூடின வீதத்தில ஏறினது, 264 வீதம். ஒரு பல்பும் ஒரு ஃபேனும் வச்சிருக்கிற வீடு. அடுத்த மாசியில திரும்ப 66 வீதம்.

இதே நாட்டில 2016-ல இருந்து கூரையில சோலார் போட்டவைக்கு யூனிட்டுக்கு 22 ரூபா, ஏழு வருசத்துக்கு. அதைப் போட்டது ஆர்? பெரிய வீடு, பெரிய கூரை உள்ள ஆக்கள், முதலில காசு போடக்கூடிய ஆக்கள். எங்கட தகரக் கொட்டிலில எங்க பூட்டுறது?

பகிடி ஒண்டு: 2025 மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாணந்துறையில ஒரு குரங்கு ட்ரான்ஸ்போமரில பாஞ்சு முழு நாட்டுக்கும் கரண்டு நிண்டது, கேள்விப்பட்டிருப்பியள். குரங்கு மட்டும் இல்லையாம், அண்டைக்கு லீவு எண்டபடியா பாவனை குறைவு, வெயில் சோலார் கூட, கிரிட் தாங்கேல்லையாம். பிறகு சித்திரை வருசப் பிறப்பு லீவுக்கு கூரைச் சோலாரை பகலில நிப்பாட்டி வையுங்கோ எண்டு மின்சார சபையே கேட்டது. மானியம் பனலுக்கு மட்டும் குடுத்து, பற்றரிக்கும் லைனுக்கும் ஒண்டும் குடுக்காட்டி இதுதான்.

மானியத்தை எடுத்தது பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை. எண்ணெய் வாங்க நாட்டில டொலரே இல்லை, என்ன செய்யிறது. ஆனா எடுக்க முதல் எங்களுக்கு ஒரு வழி காட்டியிருக்கலாம்.


கணக்கப்பிள்ளை எழுதியது:

தம்பி, படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத தோணல.

நீங்க கடைசியா சொன்னதை ஈரான்காரன் ஓரளவு பண்ணி பாத்தான். 2010 டிசம்பர்ல எரிபொருள் விலையை பல மடங்கு ஏத்துறதுக்கு முன்னாடியே, ஆளுக்கு மாசம் 4,55,000 ரியால் கணக்குல ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாங்க்ல போட்டுட்டாங்க. கணக்குல காசு தெரியும், ஆனா எடுக்க முடியாது. விலை ஏறுன அன்னைக்குத்தான் பூட்டை தொறந்தாங்க. ஜனங்க தெருவுக்கு வரல. அப்புறம் விலைவாசி ஏறி அந்த பணம் தேஞ்சு போச்சுங்கறது தனி சோகம். ஈக்வடார்ல 2019 அக்டோபர்ல ஒரே உத்தரவுல டீசல் பெட்ரோல் மானியத்தை எடுத்தாங்க, ரெண்டு வாரம் கூட தாங்கல, உத்தரவையே வாபஸ் வாங்குனாங்க. நைஜீரியாவுல 2023 மே மாசம் புது அதிபர் பதவியேத்த அன்னைக்கே மானியம் போச்சுன்னு மேடையிலயே சொல்லிட்டாரு, கொஞ்ச நாள்லயே பெட்ரோல் விலை ரெண்டு மடங்குக்கு மேல போச்சு.

நம்ம ஊர் கேஸ் விஷயத்துல பாங்க் கணக்கு வழி ஏற்கனவே இருக்கு, 2015-ல இருந்து அதுலதானே பணம் போட்டாங்க. அந்த குழாய் இன்னும் அப்படியே இருக்கு, உள்ள தண்ணி விடறதை மட்டும் நிறுத்திட்டாங்க.


ரிட்டயர்டுபோர்மேன் எழுதியது:

நான் முப்பத்திரெண்டு வருஷம் மின்வாரியத்துல குப்பை கொட்டுனவன். எல்லாரும் உலகம் சுத்திட்டீங்க, அந்த அம்மாவோட சப்-மீட்டரை யாரும் பாக்கல.

ஏம்மா, உங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் ஓடுது? சின்ன போர்ஷன், ஏசி இல்லன்னா 140 யூனிட்னு வச்சுக்குவோம். எட்டு ரூபா கணக்குல 1,120 ரூபா குடுக்கறீங்க. உங்க பேர்ல தனி சர்வீஸ் இருந்தா மொத நூறு யூனிட் இலவசம், 2016-ல இருந்து எல்லா வீட்டுக்கும் உண்டு. மிச்சம் நாப்பது யூனிட்டுக்கு 2.35 ரூபா, மொத்தம் 94 ரூபா. நூறு ரூபா கூட இல்லம்மா. அரசாங்கம் உங்களுக்குன்னு குடுக்கற மின்சார மானியம் சோலார் வர்றதுக்கு முன்னாடியே உங்க கைக்கு வரல. உங்க யூனிட்டும் அவர் யூனிட்டும் சேந்து 500-ஐ தாண்டுறதால அவரும் அதிக ரேட்டு ஸ்லாப்ல மாட்டிக்கிட்டு இருந்தாரு, அதனாலதான் எட்டு ரூபா. அவர் மேலயும் முழு தப்பு சொல்ல முடியாது. தனி சமையல்கட்டு, தனி வாசல் இருந்தா ரெண்டாவது சர்வீஸ் கேட்டு பாருங்க, ஓனர் கையெழுத்து வேணும்.

இன்னொண்ணு, சோலார் போட்டவங்க எல்லாம் கரண்டையே நாங்கதான் தயாரிக்கறோம்னு நெனைக்கறாங்க. பகல் பன்னெண்டு மணிக்கு அவர் மாடியில வர்றது கிரிட்டுக்கு போகுது, அந்த நேரத்துல எங்களுக்கு அது அவ்வளவா தேவைப்படறதில்ல. ராத்திரி ஏழு மணிக்கு எல்லா வீட்டுலயும் ஏசியும் மிக்ஸியும் ஓடும்போது நாங்க அனல் மின் நிலையத்துல இருந்தோ வெளிச்சந்தையில விலை குடுத்தோ வாங்கித்தான் குடுக்கறோம். அவர் பகல்ல குடுத்த யூனிட்டையும் ராத்திரி எடுத்த யூனிட்டையும் நெட் மீட்டர் ஒண்ணுக்கு ஒண்ணு கழிச்சிருது. கிரிட்டை ஓசி பேட்டரியா வச்சுக்கறாங்க. நெறைய யூனிட் ஓட்டி நெறைய பில் கட்டுறவங்க, கடைக்காரங்க, கம்பெனிக்காரங்க இவங்க கட்டுற கூடுதல் காசுலதான் குடிசைக்கு வெளக்கெரியுது. அவங்க ஒவ்வொருத்தரா சோலாருக்கு போனா அந்த பாரம் யார் தலையில எறங்கும்?


கணக்கப்பிள்ளை எழுதியது:

போர்மேன் சார், மரியாதையோட மறுக்கறேன். மூணு கிலோவாட் வீட்டுக்காரனை பாத்து கிரிட் நஷ்டம்னு அழுவுறது வாரியத்துக்கு பழைய பாட்டு. மத்தியானம் பக்கத்து தெருவுல ஓடுற ஏசிக்கு அந்த கரண்டுதான போகுது, தூத்துக்குடியில இருந்து கம்பி வழியா வந்து வழியில இழக்க வேண்டியதில்லல்ல? மத்தியானம் கரண்டு தேவையில்லன்னா பகல்லயே த்ரீ-பேஸ் குடுத்து நொய்யல்கரைக்காரரை ராத்திரி வரப்புல அலையாம விடுங்க சார், ரெண்டு பிரச்சனையும் தீரும்.


ரிட்டயர்டுபோர்மேன் எழுதியது:

இழப்பு கொறையும்ங்கறது வாஸ்தவம், ஒத்துக்கறேன். பகல் த்ரீ-பேஸ் விஷயமும் சரி, அதை நாங்களே உள்ளுக்குள்ள பேசியிருக்கோம். ஏழு மணிக்கு மட்டும் உங்ககிட்ட பதில் இல்ல.


ஆரல்காத்து எழுதியது:

ஏழு மணிக்கு எங்க ஊரு காத்து இருக்குல்லா 😄 ஆனி ஆடியில மட்டும்.


பைபாஸ்பல்சர் எழுதியது:

வாடகைக்காரங்களுக்கு வழி இருக்குங்க. டெல்லியில வர்ச்சுவல் நெட் மீட்டரிங்னு ஒண்ணு இருக்கு, எங்கயோ ஒரு எடத்துல நாலு பேரு சேந்து சோலார் போட்டு, அவங்கவங்க பங்கை அவங்கவங்க வீட்டு பில்லுல கழிச்சுக்கலாம், சொந்த மாடி தேவையில்ல. அப்பார்ட்மெண்ட் சங்கத்துக்கும் பொது உபயோகத்துக்கு கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. இங்கயும் அந்த டெல்லி வழி இருந்தா அக்கா மாதிரி ஆளுங்களுக்கு உதவும்.

ஆனா அதுக்கும் அக்கா பேர்ல ஒரு சர்வீஸ் நம்பர் வேணும்ல.


செல்லூர்மாடி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனைக்கல. பருத்தித்துறை தம்பி, அப்பா இப்ப கடலுக்கு போறாரா?

போர்மேன் ஐயா சொன்ன கணக்கை தாள்ல எழுதிக்கிட்டு நேத்து கீழ போனேன். எங்களுக்கு 150 சொச்சம் ஓடுது, நீங்க சொன்னது கிட்டத்தட்ட சரி. ஓனர் அக்காதான் இருந்தாங்க. தனி சர்வீஸ்னதும் மூஞ்சி மாறிருச்சு, நாளைக்கு வீட்டை காலி பண்ண சொன்னா பிரச்சனை பண்ணுவீங்களான்னு கேட்டாங்க. ஐயோ அப்படியெல்லாம் இல்லக்கான்னேன். சோலாருக்கு மானியம் போக மிச்சத்துக்கு பாங்க்ல லோன் போட்டிருக்காங்களாம், அந்த டியூ முடியட்டும், ரேட்டை கொறைக்கறோம்னாங்க. எப்ப முடியும்னு கேட்டேன், இன்னும் மூணு வருஷமாம்.

நான் விடல. அப்ப கொடியையாவது திரும்ப கட்டிக்கறேன்னு கேட்டேன். பேனலுக்கு வடக்கு பக்கமா ஒரு ஆறடி எடம் இருக்கு, அங்க நிழல் பேனல் மேல விழாதுல்ல? தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க, நாளைக்கு கயிறு வாங்கணும்.


ரிட்டயர்டுபோர்மேன் எழுதியது:

வடக்கு பக்கம்னா பெரும்பாலும் விழாதும்மா. சித்திரையில இருந்து ஆடி வரைக்கும் மதுரையில சூரியன் லேசா வடக்க சாஞ்சு நிக்கும், அப்ப காலையிலயும் சாயங்காலமும் சேலையை மடிச்சு தாழ போடுங்க.


பருத்தித்துறைபெடியன் எழுதியது:

போறார் அக்கா. இந்தக் கிழமை கணவாய் படுகுதாம்.